சந்தனம் பூசிய ஆப்பிள்

மெஷினின் நெற்றியில் 'கமடோர்' என்று பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளை எதைக்கொண்டு மூடுவது என்பதுதான் அன்று காலை ராஜாமணிக்கு இருந்த ஒரே பிரச்சினை. அது அத்துடன் நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது.

முதலில் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தான். கம்ப்யூட்டர் எங்கேயோ விழுந்து அடிபட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. கறுப்பு டேப் ஒட்டினான். திருட்டுச் சாமான் என்று யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். இரண்டையும் உரித்துப் போட்டான். மணி ஏழு. எட்டு மணி பஸ்ஸை விட்டால் பத்து மணிக்கு விழுப்புரத்தில் இருக்க முடியாது.

ராஜாமணி திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர். காலை ஆறு மணிக்கு முதல் பேட்ச், இரவு எட்டரைக்குக் கடைசி பேட்ச். தூக்கம் இன்ஸ்டிடியூட்டின் பின்னறையில். அன்று மட்டும் பேட்சுக்கெல்லாம் லீவு விட்டிருந்தான். அவன் மனைவி கிருஷ்ணவேணி விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அவனுக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவளுக்கு டியூட்டி விழும். இந்த இரண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்தது ஒரே ஒரு தடவைதான். அது அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது.

ஆகவே விழுப்புரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றின் மதில் சுவரில், 'இங்கே ஆப்பிள் கம்ப்யூட்டர் கற்றுத் தரப்படும்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருப்பதை நாலு மாதத்துக்கு முன் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது ராஜாமணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கற்றுத் தருவதென்றால் கற்றுத் தர ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு விழுப்புரத்தில் வேலை. விழுப்புரத்தில் வேலை என்றால் வேணியோடு ஒரே வீடு.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவனிடம் இருந்தது ஆப்பிள் இல்லை, கமடோர் என்ற வேறொரு கம்பெனி கம்ப்யூட்டர். கோட்டக்குப்பத்து ஜாபர் சாதிக் அவனோடு படித்தவன், துபாயில் வேலை. அவன் ஆசைப்பட்டு வாங்கி வந்து, வீட்டில் யாருக்கும் பிடிபடாமல் ராஜாமணியிடம் கொடுத்துவிட்டுப் போன மெஷின் அது. வேணிக்கு டியூட்டி விழுந்த ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் ராஜாமணி அதன் முன்னால் கழித்து அதைக் கரைத்துக் குடித்திருந்தான். சுவர் எழுத்தைப் பார்த்த அன்றே ஜாபருக்குக் கடிதம் எழுதினான். லீவில் ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் ஜாபர் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினான். கமடோரை அதில் செருகி, சுவிட்சை அமுக்கினால் போதும். கமடோர் தன்னை மறந்து ஆப்பிளாகவே நடந்துகொள்ளும். ஆப்பிளுக்கு எழுதிய புரோகிராமெல்லாம் அதில் ஓடும். ஒரே குறை, பெட்டி கமடோரைவிட மூன்று பங்கு பெரிது.

மூன்றே வாரத்தில் ஆப்பிளும் அவனுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. சரியாக அப்போது பேப்பரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் விளம்பரம் வந்தது. 'ஆப்பிள் கம்ப்யூட்டர் தெரிந்த ஆசிரியர் தேவை. சொந்த மெஷினோடு நேரில் வந்து செய்து காட்ட வேண்டும்.'

டைப்ரைட்டிங் பரீட்சைக்கு இன்ஸ்டிடியூட்காரர்கள் தங்கள் மெஷினைத் தாங்களே தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தச் சுமையைச் சுமந்தவனுக்கு 'சொந்த மெஷினோடு' என்ற வார்த்தை வித்தியாசமாகவே படவில்லை.

கடைசி முயற்சியாக ராஜாமணி போனை எடுத்து விழுப்புரத்துக்கு ட்ரங்க் கால் கேட்டான். திண்டிவனம் எக்ஸ்சேஞ்சில் அவனிடம் நம்பர் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நேராக விழுப்புரம் ஆபரேட்டரிடம் கொடுத்துவிடுவார்கள்.

"வேணி, நான்தான். அந்த எழுத்தை மறைக்க ஒரு வழி சொல்லு."

"எதுக்கு மறைக்கணும்? 'ஐயா, எங்கிட்ட இருக்கிறது கமடோரு. ஒரு பொட்டிய மாட்டி அத ஆப்பிளா ஓட்டிக்கினு இருக்கேன்'னு நேராச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா வாசலோட அனுப்பிடுவாங்க. அவுங்க ஒரிஜினல் ஆப்பிளா வாங்கி வச்சிருக்கிற எடம். நான் டூப்ளிகேட்டைத் தூக்கினு போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

"கூத்துல ஆம்பளதான் துரோபதை வேஷம் கட்டுறாரு. நம்ம சனம் கும்புட்டு அழுவலியா? நல்லா ஆடினா சரிதாங்க."

"கூத்து வேற, உத்தியோகம் வேற வேணி."

"மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" என்றாள் கிருஷ்ணவேணி. பக்கத்தில் சூப்பர்வைசர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

"வேணாம்."

பிறகு தாழ்ந்த குரலில், "நல்லபடியா முடிச்சுக்கினு வாங்க. இன்னிக்கி ரெண்டு பேருக்குச் சேத்து சோறு வடிக்கிறேன்" என்றாள். லைன் துண்டிக்கப்பட்டது.

அந்த ஒரு வாக்கியத்துக்காக ராஜாமணி கமடோரை ஆப்பிளாக என்ன, ஆட்டுக்கல்லாகக்கூட மாற்றத் தயாராக இருந்தான்.

போனை வைத்தபோது அவன் கண் வரிசையாக நின்ற டைப்ரைட்டர்களின் மேல் விழுந்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்காகியும் ஒருவரும் துடைக்கவில்லை. துடைக்கவும் மாட்டார்கள். மெஷினுக்கு வைத்த பூஜைச் சந்தனத்தைச் சுரண்டிப் பார்க்கிற துணிச்சல் இந்த ஜில்லாவில் எவனுக்கும் கிடையாது.

ராஜாமணி துள்ளி எழுந்தான். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து 'கமடோர்' மேல் அப்பினான். அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டு வைத்தான். எழுத்து போயே போய்விட்டது. மெஷினுக்கே ஒரு தெய்வக் களை வந்துவிட்டது.

அந்தத் தெய்வக் களைதான் வினையாகிப் போனது.

பஸ்ஸில் பெட்டியையும் அதன் முன்னால் செருகிய கமடோரையும் வேணியின் பழைய சிவப்புப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு ஆர்மோனியப் பெட்டி அளவு இருந்தது. சந்தனம் காய்ந்ததா என்று பார்க்கப் புடவையைக் கொஞ்சம் விலக்கினான். பக்கத்து சீட்டில் இருந்த பெரிய மீசைக்காரர் அதைப் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்தூரு சாமிங்க?"

ராஜாமணி திகைத்தான். இது சாமி இல்லை, கம்ப்யூட்டர் என்று சொன்னால் காட்டு என்பார். காட்டினால் நூறு கேள்வி வரும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும்வரை பதில் சொல்லி மாளாது.

"பனமலைக்குப் போகுதுங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"தளகிரீசுவரர் கோயிலுக்கா! ஏம்ப்பா கண்டக்டரு, சாமி மடியில உக்காந்துக்கினு வருது. அந்த ஆளுக்குக் கொஞ்சம் எடம் உடச் சொல்லுப்பா!"

இடம் கிடைத்தது. இடம் மட்டுமா? முன் சீட்டு அம்மாள் எழுந்து வந்து, நெற்றியில் இருந்த சந்தனத்தில் விரலால் ஒரு தொடு தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். அடுத்து அவள் மகள். மீசைக்காரர் இரண்டு விரலால் வழித்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். கூட்டேரிப்பட்டு தாண்டுவதற்குள் சந்தனத்துக்கு நடுவிலிருந்து ஓர் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிட்டது. ராஜாமணி கைக்குட்டையை மடித்து அதன்மேல் வைத்து, சாமிக்கு வியர்க்கிறதுபோல் ஒற்றிக்கொண்டே வந்தான்.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான், கிளம்பவில்லை.

"பனமலை சாமி எறங்குப்பா! இங்கதான் பஸ்ஸு மாறணும்" என்றார் கண்டக்டர். இரண்டு பேர் இறக்கிக் கொடுக்கத் தயாராக வந்து புடவை முனையைப் பிடித்தார்கள்.

"இல்லீங்க, இல்லீங்க! மொதல்ல விழுப்புரத்துல ஒரு பள்ளிக்கூடத்துல வச்சிக் கும்புட்டுட்டுத்தான் பனமலைக்குப் போகுது!"

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார் மீசைக்காரர்.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னான். பஸ் ஏறியதிலிருந்து அவன் சொன்ன முதல் உண்மை அது. அதற்கு உடனே கூலி கிடைத்தது.

"அட! எம் பொண்ணு அங்கதாங்க படிக்குது. நான் தொரைக்கண்ணு, பெத்தவங்க சங்கத் தலைவரு. இன்னிக்கி ஆப்பிள் கம்ப்யூட்டர் காட்டுறேன்னு கரஸ்பாண்டன்ட் கூப்புட்டாரு, அதுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். சாமியும் வருதுன்னு அவரு சொல்லவே இல்லியே! வாங்க, ஒண்ணாவே போவலாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ராஜாமணி புடவைக்குள் இருந்த சாமியை மனசாரக் கும்பிட்டுக்கொண்டான். வேறு வழி இல்லை.

பள்ளிக்கூடத்தில் கரஸ்பாண்டன்ட் விருத்தாசலம் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், ஓயாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பவர். ராஜாமணியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. துரைக்கண்ணுவைக் கண்டதும் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

ஆபீஸ் ரூம் மேஜையில் மெஷினுக்குத் திரையாக ஒரு கலர் டிவி வைத்திருந்தார்கள். ராஜாமணி வேறு வழியின்றிப் புடவையை அவிழ்த்தான். துரைக்கண்ணு மெஷினைப் பார்த்தார், ராஜாமணியைப் பார்த்தார்.

"சாமி எங்க?"

"இதாங்க... நமக்குத் தொழில்தானே சாமி? சரஸ்வதியா நெனச்சித்தான் வச்சிருக்கேன்" என்றான் ராஜாமணி. தன் வாயிலிருந்து இவ்வளவு நல்ல பொய் வரும் என்று அவனுக்கே தெரியாது.

துரைக்கண்ணு ஒரு நிமிஷம் யோசித்தார். நெற்றியில் பூசிய சந்தனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்கள் பனிக்க, "எத்தினியோ வாத்தியாரப் பாத்திருக்கேன். மெஷின சாமியாக் கும்புடுற வாத்தியார இப்பத்தான் பாக்குறேன்" என்றார். "அப்பிடின்னா பூஜை போடாம சுவிட்சு போடக்கூடாது. ஜல்தி ஒரு தேங்கா, எலுமிச்சம்பழம், கற்பூரம் வாங்கியாரச் சொல்லுங்க."

பள்ளிக்கூடத்து ஆயா அஞ்சம்மாள் கடைக்கு ஓடினாள். அந்த இடைவெளியில் விருத்தாசலம் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தம்பி, இது இன்னா இம்மாம் பெரிய பொட்டி?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேளை வந்துவிட்டது. "ஸ்டெபிலைசருங்க" என்றான் ராஜாமணி.

"அப்பாடா! பதினோரு மணிக்கு எதுத்தாப்புல ரைஸ் மில்லு போடுவான். அதோட தெருவுக்கே வோல்டேஜ் எறங்கிடும். அதுக்குத்தான் நம்ம ஸ்டெபிலைசர இங்க வச்சேன். நீங்களே கொண்டாந்துட்டீங்க. பேஜாரு உட்டுது!"

அஞ்சம்மாள் தேங்காயோடு வந்ததும் அவர் சொன்ன முதல் வேலை, டிவியின் கீழே இருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி லேப் ஃப்ரிட்ஜுக்கு மாட்டிவிட்டு வரச் சொன்னதுதான். ராஜாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து முப்பத்தைந்து. இருபத்தைந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் பிழைத்தான்.

துரைக்கண்ணு அவசரப்படுகிற ஜாதி இல்லை. எலுமிச்சம்பழத்தை நான்கு மூலைக்கும் காட்டினார். கற்பூரத்தை மூன்று தடவை சுற்றினார். தனக்குத் தெரிந்த தேவாரத்தில் பாதியைப் பாடி, மீதியை ஞாபகப்படுத்திக்கொள்ள முயன்றார். பிறகு தேங்காயை ஓங்கினார். மெஷினுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் ஓங்கினார். ராஜாமணி யோசிக்கவே இல்லை, குறுக்கே பாய்ந்தான். தேங்காய் மேஜை விளிம்பில் பட்டு இரண்டாக உடைந்தது. தண்ணீர் முழுக்க அவன் இஸ்திரி போட்ட சட்டையில்.

"பாத்தீங்களா பக்திய! நெஞ்சுலயே வாங்கிக்கினாரு" என்றார் துரைக்கண்ணு.

மணி பத்து ஐம்பது.

சட்டையிலிருந்து தேங்காய்த் தண்ணீர் சொட்ட ராஜாமணி சுவிட்சைப் போட்டான். டிவியில் கறுப்புத் திரை வந்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து. அசல் ஆப்பிள் எப்படி வருமோ அப்படியே.

அதற்குப் பிறகு ஐந்தாறு நிமிஷம் ராஜாமணி வேறு ஆளாகிவிட்டான். அதைச் சொல்லியே ஆக வேண்டும். பொய் சொல்லும்போது தடுமாறிய அதே விரல்கள் கீபோர்டில் பட்டதும் ஓடின. துரைக்கண்ணுவின் பெயரைத் திரை நிறைய எழுதிக் காட்டினான். ஒரு தாமரைப் பூவை இதழ் இதழாக விரிய வைத்தான். எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று என்ன கிழமை என்று மெஷினைச் சொல்ல வைத்தான். ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கும் புரிகிற மாதிரி விளக்கினான். துரைக்கண்ணு தன் கல்யாணத் தேதியைக் கேட்டுப் பார்த்து, "வெள்ளிக்கெழம! கரெக்ட்டுங்க!" என்று கூவினார்.

விருத்தாசலம் கண்ணாடியைத் துடைப்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு பேருக்கு வடித்த சோற்றின் வாசனையே மூக்கில் அடிப்பதுபோல் இருந்தது.

அப்போது துரைக்கண்ணு, "கரஸ்பாண்டன்ட் ஐயா, அப்பிடியே நம்ம ஆப்பிள் ரூமையும் காட்டிடுங்க. கண் குளிரப் பாத்துட்டுப் போயிடுறேன்" என்றார்.

"ஐயோ, அது முடியாதுங்க!" என்று பதறினார் விருத்தாசலம். "ஏசி ரூமுங்க அது. வெளி ஆளு மூச்சுக்காத்து பட்டாலே மெஷினு கெட்டுப் போயிடும். ரெண்டு பூட்டு போட்டு வச்சிருக்கேன். பெருக்குறதுக்கு அஞ்சம்மாள மட்டுந்தான் உள்ள உடுறது."

ராஜாமணி கைக்குட்டையை எடுத்து மறுபடி சந்தனத்தின்மேல் வைத்தான். மூச்சுக்காற்றே ஆகாத அவ்வளவு உசத்தியான ஆப்பிள்களை வைத்திருக்கிற மனிதர்! அவரிடமா இந்த வேஷம்?

விருத்தாசலம் ராஜாமணியின் தோளில் கைபோட்டு ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒரு வெவரம். ஆப்பிள் இல்லாத வேற ஒரு மெஷின்... சும்மா ஒரு பேச்சுக்கு, ஒரு கமடோருன்னு வச்சிக்கங்களேன். அதுல இந்த வேலையெல்லாம் நடக்குமா?"

ராஜாமணி திரும்பி மெஷினின் நெற்றியைப் பார்த்தான். கண்டுபிடித்துவிட்டார்! சந்தனத்தின் நடுவில் தெரிந்த அந்த ஓரெழுத்தைப் பார்த்துவிட்டார்! வலை விரிக்கிறார்!

"கமடோரா?" என்று சிரித்தான் ராஜாமணி. சிரிப்பு அழுகை மாதிரி வந்தது. "அது புள்ளைங்க வெளையாட்டுச் சாமானுங்க. ஆப்பிள்னா ஆப்பிள்தான். கமடோர வச்சிக்கினு பாடம் நடத்துறதுக்கு, பரண்ல தூக்கிப் போட்டுட்டுச் சும்மா இருக்கலாங்க."

"ஏதாச்சும் மாட்டி, கீட்டி... மாத்த முடியாதா?"

"அந்தப் பேச்சுக்கே எடமில்லீங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள். விருத்தாசலத்தின் முகம் அப்படியே சுருங்கிப் போனது. தோளில் இருந்த கையை எடுத்துக்கொண்டார். நீண்ட பெருமூச்சு ஒன்று விட்டார்.

"ரொம்ப நல்லா செஞ்சீங்க தம்பி. நாங்க... லெட்டர் போடுறோம்."

லெட்டர் போடுகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று வேலை தேடிய எல்லோருக்கும் தெரியும். ராஜாமணிக்கும் தெரிந்தது. எவ்வளவு நன்றாகச் செய்தான்! எங்கே தப்பு நடந்தது என்றே அவனுக்கு விளங்கவில்லை. மறுபடியும் திண்டிவனம், மறுபடியும் பின்னறை, மூன்று நிமிஷம் ஆனதும் எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா என்று கேட்கிற மனைவி.

மணி பதினொன்று அடித்தது. எதிரே ரைஸ் மில் உறுமிக் கிளம்பியது.

மின்விசிறி நொண்டியது. டிவி சுருங்கி விரிந்தது. ஸ்டெபிலைசர் என்று பெயர் வாங்கிய பெட்டி, முனகலாக ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது. அதோடு சேர்ந்து கறுப்புத் திரையும், தாமரைப் பூவும், துரைக்கண்ணுவின் பெயரும் மறைந்தன.

கமடோர் மட்டும் மறுபடி உயிர் பெற்றது. வேஷம் கலைத்த சந்தோஷமோ என்னவோ, டிவி முழுக்க நீலமாகப் பரவி, அதன் உச்சியில் 'கமடோர் 64' என்று கொட்டை எழுத்தில் தன் பெயரைத் தானே எழுதிக் காட்டியது. சந்தனம் போட்டு மூடியதெல்லாம் வீண்.

"இன்னாங்க இது? ஆப்பிள் எங்க போச்சு?" என்றார் துரைக்கண்ணு, முதலில் சுதாரித்துக்கொண்டு.

ராஜாமணி நிமிர்ந்து நின்றான். இனி மறைக்க என்ன இருக்கிறது? மறைத்து என்ன ஆகப் போகிறது?

"ஐயா, மன்னிச்சிடுங்க. இது ஆப்பிள் இல்லீங்க, கமடோரு. அந்தப் பொட்டி ஸ்டெபிலைசரும் இல்லீங்க. அதுதான் கமடோர ஆப்பிளா மாத்துற பொட்டி. பஸ்ஸுல சாமின்னு சொன்னதும் பொய்யிங்க." அணைந்த பெட்டியின்மேல் கை வைத்தான். "எம் பொண்டாட்டி இந்த ஊர்ல வேல பாக்குறா. கல்யாணமாயி ரெண்டு வருசமா நாங்க போன்லதாங்க குடும்பம் நடத்திக்கினு இருக்கோம். எப்பிடியாச்சும் இங்க வந்துடணும்னு... உண்மையச் சொல்லுங்கன்னு அவ சொன்னா. நாந்தான் கேக்கல. ஆனா நான் செஞ்சு காட்டுன வேல மட்டும் பொய்யில்லீங்க."

தேங்காய்த் தண்ணீர் காய்ந்து ஒட்டிய சட்டையோடு குனிந்து வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான்.

துரைக்கண்ணு நெற்றிச் சந்தனத்தை அழிப்பதா விடுவதா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடி நின்றார். விருத்தாசலத்தைப் பார்த்தால் இன்னும் விநோதம். கோபப்பட வேண்டிய மனிதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அணைந்து கிடந்த பெட்டியையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறப்பார், துரைக்கண்ணுவைப் பார்ப்பார், மூடிக்கொள்வார்.

அந்த நேரம் பார்த்து அஞ்சம்மாள் டீத் தட்டோடு உள்ளே வந்தாள். டிவியைப் பார்த்தாள். நின்றாள். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். வேண்டாம், வேண்டாம் என்று விருத்தாசலம் கண்ணாலும் கையாலும் ஜாடை காட்டினார். அஞ்சம்மாள் தன் வாழ்க்கையில் ஒருவருடைய ஜாடையையும் கவனித்தவள் இல்லை.

"ஏன்யா, நம்ம பூட்டு போட்ட ரூம்ல கெடக்கிற பன்னெண்டு மெஷினும் இதே ஊதாக் கலருல இதே எழுத்தத்தானே காட்டிக்கினு கெடக்குது? இதுங்கள ஆப்பிளா மாத்துற ஆளு ஒருத்தன் கெடைக்க மாட்டானான்னு நாலு மாசமா பொலம்பினு இருந்தீங்க, இப்ப அவரு வீடு தேடி வந்து நிக்கிறப்ப வயர சுருட்ட உட்டுட்டு வேடிக்க பாத்துக்கினு உக்காந்திருக்கீங்களே!"